எழுதிய தகுதியும் எழுதாத தகுதியும்

ஒரு படையில் சேர யாருக்குத் தகுதி உண்டு என்பதை அந்தப் படை வெளியிடும் விளம்பரமே சொல்லிவிடும் என்று நம்புகிறோம். வயது, உயரம், படிப்பு, பார்வை, ஓட்டம் என்று வரிசையாக அச்சாகியிருக்கும். அச்சில் பார்த்ததும் அவை என்றைக்கும் இப்படியே இருந்தவை என்று தோன்றிவிடுகிறது. உண்மையில் அந்த வரிகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு பிறந்தநாள் உண்டு. சில வரிகள் கரையொதுங்கிய பிணங்களை எண்ணிய பிறகு எழுதப்பட்டவை. இன்னும் சில, எங்கும் எழுதப்படாமலே நூறாண்டு ஆட்சி செய்தவை. அமெரிக்கக் கடலோரக் காவல்படையின் பழைய கதையை இந்தக் கண்ணோடு படிக்க வேண்டும். சுங்கம் வசூலிக்கும் ரோந்துக் கப்பல்கள், கரையிலிருந்து உயிர்காக்கும் நிலையங்கள், கலங்கரை விளக்கங்கள் என மூன்று தனித்தனி அமைப்புகள் ஒன்றாகி உருவான படை அது. ஆள் எடுப்பதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வழக்கம் இருந்தது. அந்த வழக்கங்களை அடுக்கிப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. செய்யப்போகும் வேலையை அளக்கும்படி எழுதி, எல்லோர் முன்னும் சோதித்த விதிகள் கடலில் தத்தளித்தவர்களையும் காப்பாற்றின, கரையில் ஒதுக்கப்பட்டவர்களுக்கும் கதவு திறந்தன. எழுதாமல் ஆண்ட விதிகள் இருவரையும் கைவிட்டன.

தொடக்கத்தில் விதி என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. 1790 ஆகஸ்ட் 4 அன்று பத்து ரோந்துக் கப்பல்கள் கட்ட அமெரிக்க நாடாளுமன்றம் அனுமதி தந்தது. கருவூலச் செயலர் அலெக்சாண்டர் ஹாமில்டன் கேட்டு வாங்கிய அனுமதி அது. கப்பலுக்கு ஒரு தலைவர், அதிகம் போனால் மூன்று துணைவர்கள், நான்கு மாலுமிகள், இரண்டு சிறுவர்கள் என்று தலைக்கணக்கு இருந்ததே தவிர, அவர்கள் எப்படிப்பட்டவர்களாக இருக்க வேண்டும் என்பது துறைமுகச் சுங்க அதிகாரிகளின் சிபாரிசுக்கு விடப்பட்டது. கரையிலிருந்து உயிர்காக்கும் வேலை இன்னும் தளர்வாகத் தொடங்கியது. நியூஜெர்சி உறுப்பினர் வில்லியம் நியூவெல் 1848-இல் வாதாடிப் பெற்ற பத்தாயிரம் டாலரில் கரையோரம் கொட்டகைகள் போட்டு, படகும் கயிறும் சிறு பீரங்கியும் வைத்தார்கள். சாவி உள்ளூர்க்காரர் ஒருவரிடம் இருக்கும். கப்பல் தட்டினால் அக்கம்பக்கத்தார் ஓடிவந்து திறந்துகொள்ள வேண்டியது. 1854 ஏப்ரலில் ஜெர்மானியக் குடியேறிகளை ஏற்றிவந்த பவ்ஹாட்டன் என்ற கப்பல் அந்தக் கரையிலேயே உடைந்து இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்ட பிறகுதான் நிலையத் தலைவர்களுக்குச் சம்பளம் வந்தது. சம்பளம் வந்ததும் கட்சிக்காரர்களும் வந்தார்கள். 1871-இல் கருவூலத்தின் இப்பிரிவுக்குப் பொறுப்பேற்ற சம்னர் கிம்பல், கப்டன் ஜான் ஃபான்ஸை அனுப்பி ஒவ்வொரு நிலையமாகப் பார்த்துவரச் சொன்னார். ஃபான்ஸ் கண்டது: மக்கிப்போன படகுகள், களவு போன கருவிகள், முதுமையால் துடுப்புப் பிடிக்க இயலாத தலைவர்கள், நிலையத்துக்கு வெகுதொலைவில் குடியிருந்தவர்கள், அரசியல் தயவைத் தவிர வேறு எந்தத் தகுதியும் இல்லாதவர்கள்.

கிம்பல் நிலையங்களைப் புதுப்பித்தார், சம்பளத்துக்கு ஆள் வைத்தார். ஆனாலும் செலவு செய்ய நாடாளுமன்றத்துக்கு மனம் வரவில்லை. கட்சிச் சிபாரிசும் ஓயவில்லை. அதன் விலையை வட கரோலினாவின் வெளித் திட்டுகள் சொல்லின. கண்டத்தின் கரையை விட்டு விலகி, வில்போல வளைந்து கிடக்கும் மெல்லிய மணல்திட்டுகள் அவை. அவற்றுக்கு முன்னால் கடலடியில் இடம்மாறிக்கொண்டே இருக்கும் மணல்மேடுகளில் எண்ணற்ற கப்பல்கள் சிக்கி அழிந்திருக்கின்றன. 1877 நவம்பர் 24 அன்று கடற்படையின் ஹியூரான் நாக்ஸ் ஹெட் அருகே தரைதட்டியது. கரை கண்ணுக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. அங்கிருந்த உயிர்காப்பு நிலையமோ பூட்டிக் கிடந்தது, ஏனென்றால் பணிக்காலம் டிசம்பர் 1-இல்தான் தொடங்கும். 98 பேர் இறந்தார்கள். இரண்டு மாதம் கழித்து, 1878 ஜனவரி 31 அன்று, பிரேசிலில் ரயில்பாதை போடத் தொழிலாளர்களை ஏற்றிச்சென்ற மெட்ரோபொலிஸ் அதே கரையில் சிக்கியது. இம்முறை நிலையம் திறந்திருந்தது, ஆள்கள் இருந்தார்கள், கருவியும் வந்து சேர்ந்தது. ஆனால் கயிற்றை எய்யும் பீரங்கிக்குப் போதுமான வெடிமருந்தை அவர்கள் எடுத்துவரவில்லை. கரையில் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க 85 பேர் போனார்கள். முதல் விபத்து பணத்தின் குறை என்றால், இரண்டாவது ஆள்களின் குறை. எனக்கு இரண்டாவதே பெரிதாகப் படுகிறது. பூட்டிய கதவைப் பணம் கொடுத்துத் திறக்கலாம், பழக்கமில்லாத கையை அப்படித் திருத்த முடியாது.

1878 ஜூன் 18-இல் உயிர்காப்புச் சேவை தனி அமைப்பாயிற்று, கிம்பல் அதன் தலைவரானார். நான்காண்டு கழித்து, 1882 மே 4-இல் வந்த சட்டத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. மேற்பார்வையாளர் முதல் படகு வீரர் வரை எல்லா நியமனமும் தகுதியை மட்டுமே பார்த்து நடக்க வேண்டும், கட்சிச் சார்பைப் பார்க்கக் கூடாது என்கிறது அது. அமெரிக்க அரசுப் பணிகளில் தேர்வுமுறையைக் கொண்டுவந்த புகழ்பெற்ற பெண்டில்டன் சட்டம் இதற்கு அடுத்த ஆண்டுதான், 1883 ஜனவரியில், நிறைவேறியது. தலைநகரின் எழுத்தர்களுக்குத் தகுதி கேட்பதற்கு முன்பே மணல்மேட்டில் துடுப்புப் போடுபவனுக்குத் தகுதி கேட்டுவிட்டார்கள். இந்த வரிசையை வரலாற்று நூல்கள் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. எழுத்தர் திறமையற்றவராக இருந்தால் கோப்பு தேங்கும், படகு வீரர் திறமையற்றவராக இருந்தால் மறுநாள் காலை கரையில் பிணம் கிடக்கும். சிபாரிசின் விளைவு உடனே கண்ணுக்குத் தெரிந்த இடத்தில்தான் சிபாரிசை முதலில் சட்டம் போட்டு நிறுத்தினார்கள்.

கிம்பல் 1889-இல் தம் அமைப்பின் முறைகளை விளக்கி ஓர் அறிக்கை எழுதினார். நிலையத் தலைவருக்கு வயது 21-க்குக் குறையாமலும் 45-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும், நல்லொழுக்கமும் திடமான உடலும் வேண்டும், நிலையத்தின் கணக்குவழக்கைப் பார்க்குமளவு எழுத்தறிவு வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் படகு செலுத்துவதிலும் கரையலையைக் கடப்பதிலும் கைதேர்ந்திருக்க வேண்டும். படகு வீரருக்குக் குடியுரிமை, 45-க்கு உட்பட்ட வயது, மருத்துவர் சான்று. அதன்பின் படகு கையாளும் திறனை நிலையத் தலைவரே சோதிப்பார், ஏனென்றால் நாளைக்கு அந்த ஆளோடு அதே படகில் ஏறப்போகிறவர் அவர்தான். இதில் நான் மிகவும் மதிக்கும் விதி இன்னொன்று: தலைவர் தம் தந்தையையோ மகனையோ சகோதரனையோ தம் குழுவில் சேர்க்கக் கூடாது, சேவைக்கே கேடு வரும் என்றால் மட்டும் விலக்கு. நாலைந்து குடும்பப் பெயர்களே திட்டு முழுவதும் பரவியிருந்த ஊர்களில் இதை எழுத நெஞ்சுரம் வேண்டும். உள்ளூர் அறிவு வேண்டும், உள்ளூர்ச் சலுகை வேண்டாம் என்று இரண்டையும் பிரித்து எழுதியிருக்கிறார். இந்த விதிகளில் எங்கும் தோல்நிறம் என்ற சொல் இல்லை என்பதையும் வாசகர் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சேர்ந்ததோடு தகுதி முடிந்துவிடவுமில்லை. குழுவில் வீரர்களுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று திறமை வரிசையில் எண் உண்டு. வார நாள்களுக்கு வகுத்த பயிற்சிகள் உண்டு: செவ்வாய்க்கிழமை படகை அலைக்குள் தள்ளி ஏறித் திரும்புவது, வியாழக்கிழமை கயிறு எய்வது, வெள்ளிக்கிழமை நீர் குடித்தவனுக்கு மூச்சு வரவழைப்பது. வியாழக்கிழமைப் பயிற்சியைக் கொஞ்சம் அருகில் நின்று பார்ப்போம். மணலில் ஒரு கம்பம் நட்டிருக்கும், அதுதான் உடைந்த கப்பலின் பாய்மரம். வண்டியை இழுத்துவந்து, சிறு பீரங்கியால் மெல்லிய கயிற்றை அதன்மேல் எய்து, அதைக்கொண்டு தடித்த வடத்தை அனுப்பிக் கட்டி, கரைப்பக்கம் மணலில் நங்கூரம் புதைத்து வடத்தை இறுக்கி, அதில் மிதவை வளையத்தைத் தொங்கவிடுவார்கள். வளையத்தின் உள்ளே கித்தான் துணியில் தைத்த ஒரு கால்சட்டை. கப்பலில் இருப்பவர் அதற்குள் காலை விட்டு உட்கார்ந்தால் கரைக்கு இழுத்துவிடலாம். இத்தனையும் ஐந்து நிமிடத்தில் முடிய வேண்டும். பணிக்காலம் தொடங்கி ஒரு மாதமாகியும் ஒரு குழுவால் முடியவில்லை என்றால், பயிற்சியில் குறை அல்லது ஆளில் குறை என்று ஆய்வாளர் முடிவு கட்டுவார். இன்னாருடைய மைத்துனன் என்பதால் கயிறு கம்பத்தில் விழுந்துவிடாது. எல்லோர் கண்ணுக்கும் முன்னால் நடக்கும் சோதனையில் சிபாரிசுக்கு இடமே இல்லை.

இனி எழுதாத விதிக்கு வருகிறேன். உள்நாட்டுப் போருக்குப் பின் வெளித் திட்டுகளின் சில நிலையங்களில் கறுப்பின வீரர்களும் இருந்தார்கள். அடிமைக் காலம் தொட்டே அந்தக் கரையில் மீன் பிடித்தவர்கள், சிப்பி எடுத்தவர்கள், படகு வலித்தவர்கள் அவர்கள். ஆனால் அவர்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் வரிசையின் கடைசி எண்கள். 1842-இல் அடிமையாகப் பிறந்து, அடிமைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது குற்றமாயிருந்த மாநிலத்தில் எழுதப் படிக்கக் கற்று, வடக்குப் படையில் சார்ஜெண்டாகப் போரிட்டுத் திரும்பிய ரிச்சர்ட் எத்தரிட்ஜும் போடி தீவு நிலையத்தில் ஆறாம் எண் வீரர்தான். 1879 நவம்பர் கடைசியில் ஹெண்டர்சன் என்ற பாய்மரக் கப்பல் அருகிலிருந்த இன்னொரு நிலையத்தின் எல்லையில் உடைந்து மாலுமிகள் இறந்தார்கள். அந்த நிலையத்தின் பெயரைத் தமிழாக்கினால் பட்டாணித் தீவு. விசாரிக்க வந்த சார்லஸ் ஷூமேக்கரும் ஃபிராங்க் நியூகோமும் ரோந்து ஒழுங்காக நடக்கவில்லை என்று கண்டார்கள், வெள்ளையரான தலைவர் நீக்கப்பட்டார். அடுத்த தலைவராக ஷூமேக்கர் பரிந்துரைத்தது எத்தரிட்ஜை. கறுப்பர் யாரும் இதுவரை தலைவராக இருந்ததில்லை என்பதை அறிந்தே இதைச் சொல்கிறேன் என்றும், திடமானவர், நன்கு எழுதப் படிக்கத் தெரிந்தவர், இந்தக் கரையின் மிகச் சிறந்த அலைப்படகு வீரர்களில் ஒருவர் என்றும் காரணம் காட்டினார். எழுத்தறிவு, உடல்திடம், படகுத் திறன்: கிம்பலின் விதி கேட்ட அதே மூன்றும்தான். 1880 ஜனவரியில் நியமனம் வந்தது. வெள்ளை வீரர்கள் விலகிக்கொண்டார்கள், குழு முழுவதும் கறுப்பர்களாயிற்று. சில மாதங்களில் யாரோ நிலையத்துக்குத் தீ வைத்தார்கள். எத்தரிட்ஜ் மீண்டும் கட்டிக்கொண்டார்.

பதினாறு ஆண்டுகள் கழித்து, 1896 அக்டோபர் 11 இரவு, அந்த நியமனம் சரியா என்பதற்குக் கடலே சாட்சி சொன்னது. சூறாவளியில் ஈ.எஸ். நியூமன் என்ற மூன்று பாய்மரக் கப்பல் நிலையத்துக்குத் தெற்கே கரைதட்டியது. கப்பலில் ஒன்பது பேர், அவர்களில் கப்பல் தலைவரின் மனைவியும் மூன்று வயது மகனும் இருந்தார்கள். கடல் திட்டைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்ததால் நங்கூரம் புதைக்க மணலே கிடைக்கவில்லை. படகு இறக்கவும் வழியில்லை. வியாழக்கிழமைப் பயிற்சி எதுவும் உதவாத நேரம் அது. எத்தரிட்ஜ் இரண்டு வீரர்களைத் தடித்த கயிற்றால் ஒருவரோடொருவர் பிணைத்து, மறுமுனையைக் கரையில் மற்றவர்கள் பிடித்துக்கொள்ள, நீந்தவிட்டார். முதலில் குழந்தை வந்தது. களைத்தவர்களுக்குப் பதில் அடுத்த இருவர் என மாறிமாறிப் போய் ஒன்பது பேரையும் கொண்டுவந்தார்கள். அவர்கள் காலத்தில் இதற்குப் பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. எத்தரிட்ஜ் 1900-இல் பணியிலிருக்கும்போதே இறந்தார். ஆய்வாளர்களும் ஒரு பள்ளி மாணவியும் விடாமல் எழுதி வற்புறுத்திய பிறகு, 1996-இல், நூறாண்டு கழித்து, உயிர்காப்புத் தங்கப் பதக்கம் அந்தக் குழுவுக்கு வழங்கப்பட்டது.

இந்தக் கதையை இப்படிச் சொல்லும்போது ஒரு மறுப்பு எழும், அது நியாயமானது. திறமையைக் கேட்ட விதி ஒரு மனிதரைத் தலைவராக்கியது சரி, ஆனால் அதன் விளைவு என்ன? கறுப்பர்கள் ஒரே நிலையத்தில் ஒதுக்கப்பட்டார்கள், வெள்ளையர் கறுப்பருக்குக் கீழே பணியாற்றுவதில்லை என்ற எழுதாத விதி இன்னும் இறுகியது. இதைவிட வலுவான சான்றும் உண்டு. ரோந்துக் கப்பல் அதிகாரிகளுக்கான பயிற்சிப் பள்ளி 1876-இல் சட்டமாகி, நியூ லண்டனில் இன்றுள்ள அகாதெமியாக வளர்ந்தது. ராணுவ, கடற்படை அகாதெமிகளில் சேர நாடாளுமன்ற உறுப்பினரின் பரிந்துரை தேவை, இங்கே தொடக்கத்திலிருந்தே போட்டித் தேர்வுதான். காகிதத்தில் இதைவிடத் திறந்த கதவு இருக்க முடியாது. ஆனால் 1961 ஜனவரியில் தம் பதவியேற்பு அணிவகுப்பில் அகாதெமி மாணவர்கள் நடந்துபோனபோது ஜான் கென்னடி ஒரு கறுப்பு முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. 1955-இல் சேர்ந்த ஒருவர் உடல்நலக் குறைவால் விலகியிருந்தார். முதல் கறுப்பினப் பட்டதாரி மெர்ல் ஸ்மித் வெளிவந்தது 1966-இல், அதாவது பள்ளி தோன்றித் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பின். எழுதிய விதி மட்டும் போதாது என்பதை இதைவிட யார் நிரூபிக்க முடியும்? நான் இதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கென்னடி கேட்ட பிறகு என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். எந்தச் சட்டத்தையும் திருத்த வேண்டியிருக்கவில்லை. கறுப்பின மாணவர்கள் படித்த பள்ளிகளுக்கு ஆளெடுப்பவர்கள் போனால் போதுமாயிருந்தது. விதி நேர்மையாக எழுதப்பட்டிருந்ததால், அதை மீறிவந்த வழக்கத்தை ஒரு கேள்வியால் அசைக்க முடிந்தது. பட்டாணித் தீவிலும் அப்படியே. ஷூமேக்கர் பிடித்துக்கொள்ள ஓர் எழுத்து இருந்தது. அது இல்லையென்றால் எத்தரிட்ஜ் ஆறாம் எண்ணிலேயே கிழவராகியிருப்பார்.

எழுத்தே அநியாயமாக இருந்த காலமும் வந்தது, அதை மறைக்கக் கூடாது. 1915 ஜனவரி 28-இல் உயிர்காப்புச் சேவையும் ரோந்துக் கப்பல் சேவையும் இணைந்து கடலோரக் காவல்படை ஆயிற்று. ராணுவ அமைப்பானதும் கடற்படையின் வழக்கங்கள் ஒட்டிக்கொண்டன. கப்பலில் கறுப்பருக்குப் பெரும்பாலும் உணவறைப் பணி மட்டுமே. 1939-இல் அலெக்ஸ் ஹேலி சேர்ந்தது அந்தப் பணியில்தான். தமிழில் ‘ஏழு தலைமுறைகள்’ என்று வாசித்தோமே, அந்த நாவலின் ஆசிரியர். தட்டுக் கழுவும் வேலைக்கு நடுவே சக மாலுமிகளுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்துத் தொடங்கியவருக்காகப் பின்னால் படை தலைமைச் செய்தியாளர் என்ற பதவியையே உருவாக்க வேண்டியிருந்தது. கிரீன்லாந்துக் கடலில் நார்த்லேண்ட் கப்பலில் இருந்த வெள்ளை அதிகாரி கார்ல்டன் ஸ்கின்னர் இன்னொன்றைக் கவனித்தார். உணவறைப் பணியாளரான ஆலிவர் ஹென்றி இயந்திரப் பழுது பார்ப்பதில் கெட்டிக்காரர், ஆனால் கறுப்பர் என்பதால் அந்தப் பிரிவுக்கு மாற முடியாது. ஸ்கின்னர் போராடி மாற்றித் தந்தார். பிறகு, ஒரு கப்பலில் இரு நிறத்தவரையும் எல்லாப் பணிகளிலும் கலந்து வைத்துப் பார்க்கலாம் என்று எழுதிக் கேட்டார். 1943 கடைசியில் சீ கிளவுட் என்ற வானிலைக் கப்பல் அவர் பொறுப்பில் வந்தது. ஏறத்தாழ ஐம்பது கறுப்பின மாலுமிகள், அதிகாரிகளிலும் கறுப்பர்கள். அமெரிக்கப் போர்க்கடமையில் முதன்முதலாக இனக்கலப்போடு ஓடிய கப்பல் என்று அது பேசப்படுகிறது. நீதியால் வந்ததல்ல, போர்க்காலத்து ஆள்பற்றாக்குறையால் வந்தது இது என்று சொல்வார்கள். பற்றாக்குறை கதவைத் தட்டியிருக்கலாம். ஆனால் ஆய்வுக்கு வந்தவர்கள் அந்தக் கப்பலை மற்ற கப்பல்களை அளந்த அதே கோலால் அளந்து தேர்ச்சி தந்தார்கள். திறந்த கதவு மறுபடி மூடாமல் பிடித்துக்கொண்டது அந்த அளவுதான்.

பெண்கள் விஷயத்தில் எழுதாத விதி இன்னும் விநோதமாக நடந்தது. எத்தரிட்ஜ் பிறந்த அதே 1842-இல் பிறந்த ஐடா லூயிஸ், ரோட் தீவு மாநிலத்தின் நியூபோர்ட் துறைமுகத்தில் லைம் ராக் விளக்கத்தில் வாழ்ந்தார். விளக்கக் காவலரான தந்தை பக்கவாதத்தில் விழுந்ததும் விளக்கேற்றியதும் படகு வலித்ததும் நீரில் விழுந்தவர்களை இழுத்ததும் இந்தப் பெண்தான். அவர் பெயருக்கே பதவி வந்தது 1879-இல், 1881-இல் தங்கப் பதக்கமும் வந்தது. கலங்கரை விளக்கம் குடும்ப வேலையாகக் கருதப்பட்டதால் பெண்ணுக்கு இடம் கிடைத்தது. அதே பெண் ஓர் உயிர்காப்பு நிலையத்தில் படகு வீரராகச் சேர்ந்திருக்க முடியாது. பதக்கம் தந்த கையே துடுப்பைத் தர மறுத்திருக்கும். 1942 நவம்பரில் பெண்கள் துணைப்படை அமைந்தபோது படிவத்தில் கேட்டவை: இருபது முதல் முப்பத்தாறு வரை வயது, உயர்நிலைப் பள்ளியில் குறைந்தது இரண்டாண்டு, பதினெட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கக் கூடாது. பிள்ளை பற்றிய அந்த வரி வேலையை அளக்கவில்லை, பெண் எங்கே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை அளந்தது. கறுப்பினப் பெண்களுக்கு 1944 அக்டோபர் வரை அனுமதியே இல்லை. அடுத்த பிப்ரவரியில் சேர்ந்த ஒலிவியா ஹுக்கர், ஆறு வயதில் டல்சா இனப் படுகொலையிலிருந்து தப்பியவர். அவரைக் கடற்படை முதலில் மறுத்திருந்தது. பின்னர் அவர் உளவியலில் முனைவரானார். 1973-இல் பெண்கள் முழுநேரப் படையில் சேர்ந்தார்கள், 1976-இல் அகாதெமி அவர்களுக்குத் திறந்தது, 1978-இல் எல்லாப் பணிகளும் திறந்தன. உடல்வலிமையைக் காட்டி எழுந்த ஆட்சேபத்துக்கு 1979-இலேயே பெவர்லி கெல்லி பதில் சொன்னார், ஒரு ரோந்துக் கப்பலின் தலைமையை ஏற்று. 2022-இல் லிண்டா ஃபேகன் படைக்கே தலைமை ஏற்றார்.

கடைசியாக, எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றும் ஆட்சேபம். கரையலையைக் கடக்கத் தெரிந்தவன் வேண்டும் என்பதெல்லாம் துடுப்புக் காலத்துப் பேச்சு, இன்றைய கப்பலுக்கு ரேடார் படிக்கவும் இயந்திரம் பார்க்கவும் தெரிந்தவன்தான் வேண்டும், அதற்குக் கணிதமும் இயற்பியலும் போதும் என்பது அது. உள்ளூர்க் கடலோடிகளைச் சேர்த்தால் உறவுக்காரன் படகைச் சோதனையிடத் தயங்குவார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வார்கள். இரண்டாவதற்குக் கிம்பல் 1889-இலேயே விடை எழுதிவிட்டார்: உறவைத் தடுக்கத் தனி விதி போடு, அதற்காகக் கடலறிவைத் தள்ளாதே. முதலாவதற்கு விடையை நம் கரையிலேயே பார்த்தோம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயலில் குமரி மாவட்டத்து மீனவர்களும் கேரள மீனவர்களும் காணாமல் போனபோது, தேடும் கப்பல்களில் எங்களையும் ஏற்றுங்கள், எங்கள் ஆள்கள் எந்தப் பக்கம் போயிருப்பார்கள் என்று எங்களுக்குத்தான் தெரியும் என்று கடற்கரை ஊர்கள் கேட்டன. டிசம்பரில் மீனவர்களை ஏற்றிக்கொண்டு தேடப் போனார்கள். ரேடாரும் விமானமும் இருந்தும் அந்த அறிவு தேவைப்பட்டது.

இந்தியக் கடலோரக் காவல்படை 1977 பிப்ரவரி 1-இல் இடைக்கால அமைப்பாகத் தொடங்கி, 1978-ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்றது. அதில் பொதுப்பணி நாவிக் (மாலுமி) ஆகச் சேர கணிதம், இயற்பியலோடு பன்னிரண்டாம் வகுப்பு, 18 முதல் 22 வயது, 157 சென்டிமீட்டர் உயரம், 1.6 கிலோமீட்டரை ஏழு நிமிடத்தில் ஓடுதல், இருபது உட்கார்ந்தெழுதல், பத்துத் தண்டால். நேர்மையாக, அச்சில், எல்லோருக்கும் தெரியும்படி எழுதிய விதிகள்தான் இவை, அந்த மட்டில் மதிப்புக்குரியவை. மலைநாட்டாருக்கும் பழங்குடிப் பகுதியினருக்கும் உயரத்தில் தளர்வு உண்டு, அதுவும் சரியே. ஆனால் கடலில் பணிபுரியப் போகிறவனிடம் கடலைப் பற்றி அந்தத் தேர்வு ஒன்றும் கேட்பதில்லை. தமிழக அரசு மீனவ இளைஞர்களுக்குத் தனிப் பயிற்சி தந்து அந்தத் தேர்வுக்கு அனுப்பிவருகிறது, நல்ல காரியம். ஆனால் அது தேர்வுக்கு ஏற்றபடி மீனவப் பிள்ளையைத் திருத்துகிறது, தேர்வு தன்னைத் திருத்திக்கொள்ளவில்லை. படிப்பையும் உடல்திறனையும் அப்படியே வைத்துக்கொண்டு, படகு கையாளுதல், நீச்சல், நீரோட்டமும் காற்றும் அறிதல் ஆகியவற்றுக்கும் ஒரு செய்முறைத் தேர்வு வைத்து மதிப்பெண் தரலாம். பிறப்பைப் பார்த்துத் தர வேண்டாம், திருச்சியில் பிறந்தவனும் கற்றுக்கொண்டு வந்து அந்த மதிப்பெண்ணை வாங்கட்டும், தூத்தூரிலும் மண்டபத்திலும் வளர்ந்தவனும் வாங்கட்டும். அடுத்த ஆளெடுப்பு அறிவிக்கை தயாராகும்போது இந்த ஒரு வரியைச் சேர்க்கும்படி பாதுகாப்பு அமைச்சகத்தைக் கடற்கரைத் தொகுதிகளின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.